சத்தம் குறைக்கிற பட்டன்

நவம்பர் 18, திங்கள்

ஆபீசுக்குப் புது போன் வாங்குகிற வேலையை அண்ணாச்சி இன்றைக்கு என் தலையில் கட்டிவிட்டார். ஒரு இன்டர்காம் பெட்டி, நாலு மேசைக்கு நாலு போன். வெளியிலிருந்து வருகிற அழைப்பு முதலில் என் மேசைக்கு வரும், நான் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு மாற்றிவிட வேண்டும்.

"உங்களுக்கு எது சௌகரியமோ அதையே பாருங்க உலகம்மா. நாங்க எதை வச்சும் பேசிக்கிடுவோம்" என்றார்.

எங்கள் முதலாளி தெய்வநாயகம் அண்ணாச்சி இப்படி விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. ஒரு ஸ்டேப்ளர் வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குவார். ஆச்சரியமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நியாயம்தானே? 'நல்வரவு திருமணத் தகவல் மையம்' என்றால் கோவில்பட்டியில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது என் குரல்தான். "உலகம்மா அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள், அண்ணாச்சியைக் கேட்பதில்லை.

பழைய போனை மாற்ற வேண்டியதுதான். மணி செத்துப்போய் மாசக்கணக்காகிறது. அடிப்பதே கேட்பதில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் இசக்கிதான் எப்படியோ கண்டுபிடித்து, "அக்கா, போன்" என்று என் மேசையைத் தட்டுவாள். அவளுக்குப் பாம்புக் காது.

நவம்பர் 20, புதன்

ஜெபசிங் என்ற பையன் ஒரு பெரிய பை நிறைய மாதிரி போன்கள் கொண்டுவந்தான். தூத்துக்குடிக்காரன், வாய் ஓயவில்லை. எல்லாவற்றையும் என் மேசையில் பரப்பியதும் ஆபீஸே வந்து கூடிவிட்டது.

இசக்கிக்குத் தலையில் மாட்டுகிற ஹெட்செட் வேண்டுமாம். பேசிக்கொண்டே டைப் அடிக்கலாமாம். எங்கள் ஜோசியர் ஆவுடையப்பனுக்கு நீள ஒயர் வேண்டுமாம். மத்தியானம் சாப்பிட்டதும் பெஞ்சில் சாய்ந்தபடி பேசவேண்டும், அதை வெளியில் சொல்ல முடியாமல், "தென்கிழக்குல போன் இருக்கப்பிடாது, வடக்குப் பக்கம் இழுத்து வச்சுக்கிடணும்" என்று சாஸ்திரம் சொன்னார். அண்ணாச்சிக்குக் கூப்பிடுகிற நம்பர் பெரிதாகத் தெரியவேண்டும். மச்சினன் நம்பர் என்றால் எடுக்காமல் இருக்கத்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஒன்றும் வேண்டாம், எதுவானாலும் சரி என்றேன். ஆனால் சத்தம் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஜெபசிங்கை மாடிப்படிக்குக் கீழே கடலை மிட்டாய்க் கடை வாசலில் போய் நின்று செல்லில் கூப்பிடச் சொல்லி, ஒவ்வொரு போனாகப் பேசிப் பார்த்தேன்.

முதல் போன், மெலிசாக, கறுப்பாக, பார்க்க லட்சணம். ஆனால் ஊமை. "லைன் கட்டாயிருச்சு தம்பி" என்று வைத்துவிட்டேன். ஜெபசிங் மேலே வந்து, "கட்டாகலையே அக்கா, நான் பேசிட்டேதான் இருந்தேன்" என்றான். இசக்கி ஜோசியரைப் பார்த்தாள். ஜோசியர் ஃபேனைப் பார்த்தார். பொருள் மட்டம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அந்தப் பையன் மனசு நோகும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் அதே கதைதான். இந்தக் காலத்தில் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்?

நவம்பர் 23, சனி

அனுசுயா வந்திருந்தாள். கயத்தாறு தபால் ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மாவுக்கு நடமாட்டம் இல்லை. மற்ற பெண்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் வந்து பேசுவார்கள். இவள் தன் ஜாதகத்தைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறாள். வந்தால் கெஞ்சல் கிடையாது, அழுகை கிடையாது. தபால் ஆபீசில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பழகியவள், இங்கே இந்தப் பக்கம் வந்து உட்கார்வதற்கு அவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். எனக்கு அவளைப் பிடிக்கும்.

போன ஞாயிறு சாத்தூர்க்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

"வந்ததும் நானே கூப்பிடுதேன்மா" என்றேன்.

"மெல்ல வரட்டும்க்கா" என்றாள். அவள் என் இடது பக்க நாற்காலியில் இருந்தாள். எதிரில்தான் நாற்காலி கிடந்தது, வெயில் அடிக்கிறது என்று இசக்கி அதை என் இடது கைப்பக்கம் தூக்கிப் போட்டுவிட்டாள். தீபாவளிக்கு வெள்ளையடித்ததிலிருந்து என் மேசையும் வலது பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. என்னை பீரோ மாதிரி ஓரம் கட்டிவிட்டார்கள்.

நவம்பர் 25, திங்கள்

நேற்று வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது இவர், என் வீட்டுக்காரர், ரிமோட்டைப் பிடுங்கினார்.

"ஏளா, செய்தி நம்ம வீட்டுக்கா, தெருவுக்கேவா?"

நானாவது செய்தி கேட்கிறேன். இவர் ஒலியில்லாமல் கிரிக்கெட் பார்ப்பவர். சண்டை போட்டுக்கொண்டு ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது.

நவம்பர் 26, செவ்வாய்

ருக்மணியம்மா ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் போனில் இருந்தவர். தொண்டை கட்டி, குரல் கரகரத்துப்போனது. ஒருநாள் அண்ணாச்சி, "கொஞ்ச நாள் ஃபைல் ரூம்ல ஓய்வா இருங்க" என்றார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. ருக்மணியம்மா கொஞ்ச நாள் போய் உட்கார்ந்திருந்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். யாரும் போகச் சொல்லவும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

நான் ஃபைல் அறைக்குப் போகிறவள் இல்லை. இந்த போன் நாற்காலியை விட்டு என்னை எழுப்பினால் எனக்கு வேறு என்ன தெரியும்? இவருடைய ரசத்தில் புளி கூடியதா குறைந்ததா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கவேண்டியதுதான்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எனக்குத் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

போன் முடிவாகிவிட்டது. ஜெபசிங் பையின் அடியில் ஒன்று வைத்திருந்தான். குண்டாக, சந்தன நிறத்தில், ரூபாய்க் காசு அளவு பட்டன்கள். மணி அடித்தால் தலையில் சிவப்பு விளக்கு எரிகிறது. ரிசீவரில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கத்திலேயே இரண்டு பட்டன்.

"இது வயசானவங்களுக்குப் போடுத மாடல் அக்கா, ஆபீசுக்கு எடுப்பா இருக்காதே..." என்றான்.

கீழே போய்ப் பேசச் சொன்னேன். சத்தத்தை முழுசாக வைத்தேன். அடடா! கடலை மிட்டாய்க் கடையில் பாகு கிண்டுகிற சட்டுவச் சத்தம் வரை கேட்டது. இதல்லவா போன்!

"அகலமான பட்டன். விரலுக்கு இதம். உறுதியாவும் இருக்கு" என்று காரணம் சொன்னேன். வேறு மாடல் வேண்டும் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள் என எதிர்பார்த்தேன். ஹெட்செட் கேட்ட இசக்கி, "சூப்பர்க்கா, இதே இருக்கட்டும்" என்று கை தட்டாத குறை. ஜோசியர், "நல்ல நிறம், குருவுக்கு உகந்தது" என்றார். அண்ணாச்சி விலையே கேட்கவில்லை.

எனக்குத் தேர்ந்தெடுக்கிற கை இருக்கிறது என்று இவர்களுக்கு இப்போதாவது தெரிந்ததே.

டிசம்பர் 2, திங்கள்

போன் மாட்டியாயிற்று. எனக்கும் இசக்கிக்கும் சந்தன நிறம், மற்றவர்களுக்கு அவரவர் கேட்டது. ஜோசியருக்கு நீள ஒயர் கிடைத்துவிட்டது, மத்தியானமே பெஞ்சில் வடக்குப் பார்த்துச் சாய்ந்துவிட்டார்.

இன்றைக்கு ஒரு அழைப்பையும் நான் தவறவிடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும் எடுத்துவிட்டேன். இசக்கி ஒருதடவைகூட மேசையைத் தட்டவில்லை. வீட்டுக்கு வரும்போது இவருக்கு அல்வா வாங்கி வந்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். ஒரு இடம் வேண்டாம் என்று யார் சொன்னாலும், என்ன காரணம் சொன்னாலும், மறுபக்கத்துக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான். ஜாதகம் அமையலை. பல் எடுப்பு, சம்பளம் போதாது, மாமியார் பேச்சு பிடிக்கவில்லை, எதுவாக இருந்தாலும் ஜாதகம் அமையலை. வாட்ஸ்அப்பில் அனுப்பமாட்டோம். நான் போனில், குரலைத் தணித்து, ஒருத்தருக்கு மட்டும் சொல்லுவேன். கேட்பவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். "அப்படியா, சரிங்க, நேரம்" என்பார்கள். கிரகத்தின்மேல் பழி போட்டுவிட்டு எழுந்து மற்ற வேலையைப் பார்க்கலாம். "ஊர்ல முறிஞ்ச சம்மந்தம் பூரா என் தலையில" என்று ஜோசியர் அலுத்துக்கொள்வார்.

இன்றைக்கு அனுசுயா ஒரு புது போட்டோ கொடுக்க வந்திருந்தாள். என் இடது கைப்பக்க நாற்காலி. இசக்கி டீ கொடுத்தாள். அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்தேன். சாத்தூர், மாப்பிள்ளையின் அம்மா.

அந்த அம்மா சொன்னது இது. "எக்கா, அந்தக் கயத்தாறுப் பொண்ணு வேண்டாம். வயசு மூஞ்சியிலயே தெரியுது. எம்மகன் பக்கத்துல நின்னா அக்கா மாதிரி இருக்கு. நிறமும் கம்மி. போட்டோவுல பவுடரப் பூசி ஏமாத்திட்டாவ. இந்த மாதிரி இனிமே அனுப்பாதீங்க."

"சரிங்க, சரிங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி வைத்தேன். பக்கத்தில் இருப்பவளுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று முகத்தைக்கூட மாற்றவில்லை. நான் இதில் கைதேர்ந்தவள். கொஞ்சம் பொறுத்து, அனுசுயா பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

"சாத்தூர்லருந்துதான்மா. அந்த ஜாதகம் அமையலையாம்."

அவள் என்னையே பார்த்தாள். இசக்கி எழுந்து நின்றாள், ஏன் நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஜோசியர் பெஞ்சிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சரிக்கா" என்றாள் அனுசுயா. டீயை முழுசாகக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் கை நீட்டி, என் ரிசீவரை எடுத்துத் திருப்பி, அந்தப் பக்கவாட்டுப் பட்டனைக் காட்டினாள்.

"இதை அமுக்குனா சத்தம் குறையும்க்கா" என்றாள். கோபமில்லாமல், தபால் ஆபீசில் யாருக்கோ பாரம் நிரப்பக் காட்டிக்கொடுப்பதுபோலச் சொன்னாள். போட்டோ உறையை எடுத்துக் கைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

கடைசி வார்த்தை வரைக்கும் அவள் கேட்டிருக்கிறாள். ஆபீசே கேட்டிருக்கிறது. அதுக்கு அப்புறம் நான் சிரித்துக்கொண்டே ஜாதகம் என்றிருக்கிறேன்.

டிசம்பர் 7, சனி

தலைவலி என்று சொல்லி லீவு. இவர் நம்பவில்லை, ஆனால் காபி போட்டுத் தந்தார்.

டிசம்பர் 9, திங்கள்

சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கு எரிகிறது, எடுக்கிறேன், அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. என்ன சொல்கிறார்கள் என்பது தெரியவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று எல்லா அழைப்பையும் இசக்கிக்கு மாற்றினேன். ருக்மணியம்மாவும் இப்படித்தான் தொடங்கினார்.

நாலு மணிக்கு இசக்கி வந்து மேசையைத் தட்டினாள். "அக்கா, அனுசுயா. உங்ககிட்டதான் பேசணுமாம்."

சுற்றிலும் பார்த்துவிட்டு, நாற்காலி காலியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, சத்தத்தைக் கூட்டினேன்.

"மன்னிச்சிரும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நீங்களா சொன்னீங்க? அந்தம்மா சொன்னா. அது கிடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கேன், செய்வீங்களா? இனிமே எனக்கு ஜாதகம்னு சொல்லாதீங்க. எத்தனை தடவைதான் அமையாமப் போகும்? நான் ராத்திரி பூரா எதுவா இருக்கும், எதுவா இருக்கும்னு கிடந்து யோசிக்கேன். உள்ளதச் சொல்லிருங்க. அக்கா மாதிரி இருக்குன்னு சொன்னா அதோட முடிஞ்சுது."

"சரிம்மா."

பிறகு கேட்டாள், "அக்கா, உங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்குமே, எனக்கு என்ன? நல்லாக் கேக்கும்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அன்றைக்கு நான் ஜாதகம் என்றபோது சொன்னாளே, அதே "சரிக்கா".

டிசம்பர் 11, புதன்

இரண்டு நாளாக அந்த "சரிக்கா" மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மத்தியானம் அண்ணாச்சி தனியாக இருக்கும்போது உள்ளே போனேன்.

"எனக்கு உள்ளதச் சொல்லுங்க அண்ணாச்சி. என் காதப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப நாளாவே தெரியும் உலகம்மா. ஆவுடையப்பன்தான் முதல்ல கவனிச்சாரு. வலது பக்கத்துலருந்து கூப்பிட்டா நீங்க திரும்புறதில்ல."

"அப்ப மேசையச் சுவத்தோரம் போட்டது?"

"வெள்ளையடிக்கத சாக்கா வச்சுதான். அந்தப் பக்கம் யாரும் வந்து நிக்கப்பிடாதுல்லா?"

"நாற்காலிய?"

"அது இசக்கி யோசனை."

"போன் வாங்கச் சொன்னது?"

"உங்களுக்குக் கேக்குததாப் பாத்து வாங்குவீங்க, கேக்கலைன்னு வாயவிட்டுச் சொல்லவேண்டியிருக்காதுன்னு நினைச்சேன். சத்தம் வெளிய கொட்டும்னு எனக்குத் தோணல. நாற்காலிய வேற பக்கத்துல போட்டு வச்சிருக்கோம். பாவம், ஒரு பிள்ளை மனசு நொந்துபோச்சு. அதுல எனக்கும் பங்கு உண்டு."

நான் ஒளித்துவைத்ததாக நினைத்ததை ஆபீசே கூடி ஒளித்துவைத்திருக்கிறது. ஹெட்செட் ஆசையை விட்டுவிட்டுக் கை தட்டப் பார்த்தாளே இசக்கி, குருவுக்கு உகந்த நிறம் என்றாரே ஜோசியர்! நானோ என் தேர்வை மெச்சுகிறார்கள் என்று அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"ருக்மணியம்மாகிட்ட ஓய்வா இருங்கன்னுதான் சொன்னேன், அதுவே முகத்துல அடிச்ச மாதிரி ஆயிருச்சு. அவங்க வராமலே போயிட்டாங்க. அதுலருந்து எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

"நான் இப்ப ஃபைல் ரூமுக்குப் போகணுமா?" குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"யாரு போகச் சொன்னா? ஆனா இப்படியே விடவும் முடியாது. இது நம்ம ரெண்டு பேரு மரியாதை மட்டும் இல்ல, அந்த நாற்காலியில வந்து உக்காருத பிள்ளைகளோட மரியாதை. தை பொறக்கதுக்குள்ள காதப் பாருங்க. பாத்துட்டு வந்தா அந்த எடம் உங்களுக்கு. பாக்காட்டா, கோவிச்சுக்கிடாதீங்க, நான் இசக்கியத்தான் உக்கார வைப்பேன்."

கோபித்துக்கொண்டுதான் வந்தேன். கதவைச் சாத்திய சத்தம் எனக்கே கேட்டது.

டிசம்பர் 12, வியாழன்

யாரோடும் பேசவில்லை. இசக்கி டீ வைத்துவிட்டு நின்றாள். "கோவமாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, டீ ஆறுது" என்றாள்.

எவ்வளவு நாள் எனக்காக மேசையைத் தட்டியிருக்கிறாள். ஒருநாளாவது முகம் சுளித்திருக்கிறாளா? டீயைக் குடித்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது, ஆபீசில் ஈ ஓட்டுகிறோம். பெண் பார்க்கிற பேச்சே தைக்குத்தான். இவரைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் காது டாக்டரிடம் போனேன். "காதப் பாக்கணும்னு இப்பவாவது தோணிச்சே" என்று பஸ்ஸில் ஆரம்பித்தார். "எப்பலருந்து தெரியும்?" என்றேன். "டிவி வாங்குன நாள்லருந்து" என்றார். இவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்தான்.

டாக்டர் சின்னப் பெண். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பட்டனை அமுக்கச் சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். பரீட்சையில் காப்பி அடிப்பதுபோலத்தான், தெரிந்தேதான் செய்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதுக்கப்புறம் என் விரலுக்கு வேலையே இல்லை.

வலது காது அனேகமாக இல்லை. இடது காதில் பாதி. இடதுக்கு மெஷின் வைக்கலாம் என்றாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் அழுதேன். எனக்கு வலது பக்கம் நின்றிருந்த இவர், ஞாபகம் வந்து இடது பக்கம் மாறி நின்றார். "சாப்பிட்டுட்டுப் போவமா?" என்று கேட்டார்.

ஜனவரி 3, வெள்ளி

மெஷின் வந்துவிட்டது. ஒரு புளியங்கொட்டை அளவுதான், காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா? கீழே கடலை மிட்டாயை வெட்டுகிற கத்திச் சத்தம் நாள்பூராவும் வருகிறது. இசக்கி டைப் அடிக்கும்போது ஏதோ முனகிக்கொண்டே இருப்பாள் என்பது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட என் குரல்! "இத்தனை நாளும் இந்தச் சத்தத்துலயா பேசினேன்?" என்று கேட்டேன். ஜோசியர், "காந்தி மைதானத்துல மீட்டிங் போட்டா மைக் செலவு மிச்சம்னு நினைச்சுக்கிடுவோம்" என்றார். இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த கிண்டல், அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

ரிசீவரைக் காதில் வைத்தால் மெஷின் கீச்சென்று கத்துகிறது. ஜெபசிங்கைக் கூப்பிட்டேன். "எனக்குக் காது கேக்காது தம்பி, மெஷின் வச்சிருக்கேன். அதுக்கு ஒத்துவார மாதிரி என்ன இருக்கு?" என்று கேட்டேன். நினைத்த அளவுக்கு வாய் கூசவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா பை முழுக்கத் தூக்கிட்டு வந்திருக்க மாட்டேனே அக்கா" என்றான். மெஷினோடு சேர்ந்து வேலை செய்கிற ரிசீவர் ஒன்றைக் கொண்டுவந்து அதே சந்தன போனில் மாட்டினான். சத்தம் பாதி வைத்தாலே போதும். இசக்கியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணாச்சியை உள்ளேயிருந்து பேசச் சொல்லிச் சோதித்தோம்.

"ஏதாவது கேக்குதா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலக்கா" என்றாள்.

நாற்காலியையும் பழையபடி எதிரே தூக்கிப் போட்டுவிட்டேன். வெயில் அடித்தால் அடிக்கட்டும். ஹெட்செட் ஒன்று இசக்கிக்கு வாங்கவேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

தை பிறந்ததிலிருந்து சிவப்பு விளக்கு அணையவில்லை. என் நாற்காலியில் நான்தான் இருக்கிறேன்.

நேற்று தென்காசியிலிருந்து வந்து அனுசுயாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் மின்வாரியத்தில் இருக்கிறான். இன்று காலையிலேயே அவன் அம்மா போன் செய்து, தங்களுக்குச் சம்மதம், பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே அனுசுயாவைக் கூப்பிட்டேன்.

"அவங்களுக்குச் சம்மதமாம்மா! உள்ளதச் சொல்லுதேன், பையனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்."

அவள் கவுன்டரில் யாரிடமோ ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு லைனுக்குத் திரும்பினாள்.

"எனக்குப் பிடிக்கலையே அக்கா."

"ஏம்மா?"

"எதக் கேட்டாலும் அவங்க அம்மா மூஞ்சியப் பாக்காரு. காபியா டீயான்னு கேட்டதுக்கும் பாக்காரு. நல்ல மனுசன்தான். எனக்கு வேண்டாம்க்கா."

அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு இடம் வாய்த்ததே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவள் கேட்டுக்கொண்ட நியாயம் ஞாபகம் வந்தது. "அப்ப அவங்ககிட்ட உள்ளதச் சொல்லிரட்டுமா?" என்றேன்.

அந்தப் பக்கம் தபால் முத்திரை குத்துகிற சத்தம் இரண்டு மூன்று தடவை கேட்டது.

"வேண்டாம்க்கா" என்றாள். "பாவம். ஜாதகம்னே சொல்லிருங்க."

ஜோசியரிடம் சொன்னேன். "போடு, இதையும் என் தலையிலயே போடு" என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

எதிர் நாற்காலியில் யாரும் இல்லாதபோது தென்காசிக்குப் போன் போட்டேன். "ஜாதகம் அமையலைங்க" என்றேன். "அப்படியா, சரிங்க, நேரம்" என்றார் அந்த அம்மா. வழக்கமாக இதோடு வைத்துவிடுவேன். இன்றைக்கு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கும் முன்னால் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. "என்னம்மா சொல்லுதாங்க?" அந்த அம்மா திரும்பி, "ஜாதகம் அமையலையாம்ப்பா" என்றார்.

"ஓ" என்றான் அவன்.

மெதுவாகத்தான் சொன்னான். இத்தனை வருஷத்தில் எனக்கு அது ஒருதடவைகூடக் கேட்டதில்லை. அவர்கள் வைக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.